பச்சை முகக் கைக்கடிகாரம்

பெரிய காரியங்களைத் தேர்வதற்கு நம்மவர் பலரைக் கலந்து ஆலோசிப்பது வழக்கம். வீடு கட்டுவோர் மனை பார்ப்பர்; பெண் கொடுப்போர் குலமும் குணமும் பார்ப்பர்; மாடு வாங்குவோர் பல்லும் சுழியும் பார்ப்பர். சிறு பொருள்களை வாங்குங்காலோ, கடையிலே கண்ணுக்குப் பட்டதே தீர்ப்பாய் முடிந்துவிடுகின்றது. ஆயினும், ஒருவனுடைய விவேகம் வெளிப்படுவது பெரும்பாலும் சிறு பொருளைத் தேர்வதில்தான் என்பது எனது துணிபு. பெரிய காரியத்தில் பிறருடைய அறிவு நமக்குத் துணை வரும். சிறிய காரியத்தில் நம்முடைய அறிவே நமக்குத் துணை. அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்றாகிய கைக்கடிகாரத்தைப் பற்றி, அதிலும் பச்சை முகப்புடைய கைக்கடிகாரத்தைப் பற்றி, இவ்வாண்டு மலரில் சில கூற விரும்புகின்றேன். இஃதொரு விஷயமா என நகைப்பாரும் உளர். அவர்கள் இறுதிவரை படித்துவிட்டு நகைப்பாராக.

யான் பிறந்த ஊர் இடையஞ்சாவடி. புதுவைக்கு வடக்கே, செம்மண் மேட்டின்மேல், முந்திரியும் பனையும் சூழ அமைந்த சிற்றூர். 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம் எங்கள் ஊரை அடுத்தே வளர்ந்தது. என் தமக்கையை மணஞ்செய்து கொடுத்த இடம் அதற்கும் வடக்கே, மரக்காணத்து உப்பளங்களின் அருகே உள்ளது. எங்கள் ஊர் மண்ணின் நிறம் சிவப்பு. அவள் புகுந்த ஊரின் நிறம் வெண்மை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அங்கே பாத்தி கட்டுவர். வெயில் முதிர முதிர உப்பு விளையும். அடுத்த மழை வந்தவுடன் வேலை நின்றுபோகும். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே அளத்தில் இறங்குவர். உப்பை வாரிக் கூட்டுவதும், கூடையில் அள்ளித் தலைமேற் சுமந்து கரையிற் குவிப்பதும் அவர்தம் தொழில். என் தமக்கை இத்தொழிலை இருபது ஆண்டுகளாகச் செய்து வருகின்றாள்.

சென்ற வைகாசியில், அவள் மகன் மேனிலைப் பள்ளித் தேர்வில் நல்ல எண்கள் பெற்றுக் கலாசாலையிற் சேரும் தகுதி எய்தினான். அவனுக்கு ஏதேனும் ஒரு பொருள் வாங்கித் தரவேண்டுமென்று அவள் விரும்பினாள். யாது வேண்டுமென வினவியபோது, அவன், “பச்சை முகம் வைத்த கைக்கடிகாரம் வேண்டும்,” என்றான். அவன் தந்தை, “பச்சையா? கிளி வாங்குகிறாயா, கடிகாரம் வாங்குகிறாயா?” என்று சிரித்தார். என் தமக்கை சிரிக்கவில்லை. அஞ்சறைப்பெட்டியின் அடியிலிருந்து மடித்து வைத்த பணத்தை எடுத்து என் கையில் வைத்து, “தம்பி, பிள்ளை கேட்கும் பச்சையையே வாங்கிக் கொடு. ஆனால் நான் வாருகிற உப்பே நாலு மாதத்தில் அதைத் தின்றுவிடாதபடி பார்த்து வாங்கு,” என்றாள். கடிகாரத்தைத் தேர்வது எப்படி என்பதற்கு இதைக் காட்டிலும் சிறந்த இலக்கணத்தை யான் எந்நூலிலும் கண்டதில்லை. இக்கட்டுரை அவ்விலக்கணத்திற்கு ஓர் உரையே.

முதலாவதாக, கைக்கடிகாரம் இக்காலத்து மாணவர்க்கு அவசியமா என்னும் வினா எழும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைபேசி உள்ளது; அது மணியைப் பிழையின்றிக் காட்டுகின்றது; பின்னர் மணிக்கட்டில் ஒன்று எதற்கு? இவ்வாதம் வலியுடையதே. ஆயினும், மணி பார்ப்பதற்காகக் கைபேசியை எடுத்த மாணவன் மணியை மாத்திரம் பார்த்துவிட்டு அதனை மீண்டும் பையில் இட்டதை யான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். செய்தி ஒன்று, படம் ஒன்று, விளையாட்டு ஒன்று எனக் கால் மணி நேரம் கழிந்தபின், தான் எதற்காக அதனை எடுத்தான் என்பதையே மறந்து, மறுபடியும் மணி பார்க்க எடுக்கின்றான். கைபேசி காலத்தைக் காட்டிக் காலத்தையே கூலியாக வாங்கிக்கொள்கின்றது. கைக்கடிகாரமோ கேட்டதற்கு விடை கூறிவிட்டு வாய்மூடி நிற்கும் நல்ல ஏவலாளனை ஒத்தது. அன்றியும், தேர்வு மண்டபத்துள் கைபேசிக்கு இடமில்லை. கைபேசியின் வேலைகளைச் செய்யும் புதுவகைக் கைக்கடிகாரத்திற்கும் இடமில்லை. மருத்துவப் படிப்பிற்குரிய நீட் தேர்வில் எவ்வகைக் கைக்கடிகாரமும் கூடாது என்பது உண்மையே. ஆனால் மாணவ வாழ்க்கை முழுவதும் அவ்வொரு தேர்வாகிவிடாது.

காலத்தை அளந்தறிதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்து, ஒரு நாழிகைக்கு இக்காலத்து 24 நிமிடம் என்னுமாறு வழங்கியவர் நம் முன்னோர். பாசறையில் இருக்கும் அரசனுக்கு, நீர்க்கலத்தால் பொழுதை அளந்து கூறும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிலே காண்கின்றோம். பின்னாளில், 1792-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னை வானாராய்ச்சி நிலையத்தை ஒட்டி அமைந்த சென்னை நேரம், கிரீனிச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டதாய், இந்திய இருப்புப்பாதைகளில் வழங்கியது. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு, கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. நமது கடற்கரை அக்கோட்டிற்கு மேற்கே இருத்தலால், இங்கே கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாகக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு ஏறக்குறையப் பத்து நிமிடம் பிந்தியேயாகும். என் தமக்கை தன் நிழலின் அளவைக் கொண்டு வேலையை நிறுத்துகின்றாள். அவள் மகன் கடிகாரத்தைக் கொண்டு வகுப்பிற் புகவேண்டும். கதிரவன் அவளைப் பொறுத்துக்கொள்வான். வருகைப் பதிவேடு இவனைப் பொறுத்துக்கொள்ளாது.

இனி, எனது சொந்த அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும். யானும் ஒருகாலத்தில் பச்சை முகக் கடிகாரம் வாங்கியவனே. கலாசாலையின் முதல் ஆண்டில், திருவிழாக் கடை ஒன்றில், மின்விளக்கின்கீழ் மரகதம்போற் பளபளத்த ஒன்றைக் கண்டு மயங்கி, இரண்டு மாதம் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கினேன். யார் செய்தது என்னும் பெயர்கூட அதன்மேல் ஒழுங்காக இல்லை. அதை அணிந்துகொண்டே விடுமுறையில் தமக்கை வீட்டிற்குச் சென்று ஒரு மாதம் தங்கினேன், உப்புக் குவியல்களுக்கிடையே திரிந்தேன், கடலிலும் குளித்தேன். முதலில் வெள்ளி போன்ற மேற்பூச்சு விளிம்பிலே உரிந்தது. உள்ளிருந்த பித்தளை தோன்றிற்று. பின்னர்ப் பித்தளையில் களிம்பு ஏறிற்று. மணிக்கட்டின் தோல் சிவந்து அரித்தது. இறுதியில் கண்ணாடிக்குள் நீர்த்துளி அரும்பி, முகப்பின் நிறம் திட்டுத் திட்டாய் வெளிறி, முள்ளும் நின்றது. முகத்திலே பச்சை வேண்டுமென்று வாங்கினேன். முகத்திற் பச்சை போய் முதுகிலே பச்சை வந்தது. அதனைக் கண்ட என் தமக்கை அன்று ஒன்றும் கூறவில்லை. ஆனால் அவள் மறக்கவும் இல்லை என்பதை, சென்ற வைகாசியில் அவள் கூறிய வார்த்தையால் அறிந்தேன்.

இவ்வனுபவத்தால் யான் கற்றது யாதெனின், நிறத்தை இறுதியிற் கேட்கவேண்டும் என்பதே. நிறத்தைக் கேட்கவே கூடாதென்பது எனது கருத்தன்று. நிறத்தை முதலிற் கேட்பவன் மற்றவற்றைக் கேட்க மறந்துவிடுகின்றான். இறுதியிற் கேட்பவனோ நிறத்தையும் பெறுகின்றான், மற்றவற்றையும் பெறுகின்றான்.

முதலிற் கேட்கவேண்டுவது உடலைப் பற்றியது. கடிகாரத்தின் பின்மூடியைத் திருப்பிப் பார்க்க. அங்கே, ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருப்பின், துருவேறா எஃகாலானது அப்பின்மூடி மாத்திரமே என்பது பொருள். உடல் பெரும்பாலும் பித்தளை முதலிய உலோகத்தின்மேல் முலாம் பூசியதாக இருக்கும். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றிருப்பினே உடல் முழுவதும் எஃகாம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஒரு சொல்லின் வேற்றுமையால் ஏமாந்தவர் பலர். எஃகினுள்ளும் வகை உண்டு. 316 என்னும் எண்ணால் வழங்குவதில் மாலிப்டினம் என்னும் உலோகம் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சேர்ந்திருத்தலால், உப்பில் உள்ள குளோரைடு அதனை எளிதில் துளைப்பதில்லை. 304 என்பது அத்துணை உறுதியுடையதன்று. உள்நாட்டில் வாழ்வார்க்கு இவ்வேற்றுமை சிறிது. கடற்கரையில் வாழ்வார்க்கு இதுவே ஆயுளின் அளவு. வார் எனின், தோல்வார் அழகியதேனும் வியர்வையும் உப்பும் ஊறி விரைவில் நாறும். இரப்பரோ நைலானோ நமக்கு ஏற்றது. கழுவி உலர்த்தவும் எளிது.

இரண்டாவது, நீரைப் பற்றியது. ‘30 மீட்டர்’ என்று முகப்பிற் கண்டவுடன் முப்பது மீட்டர் ஆழத்திற்கு மூழ்கலாமெனக் கருதுவது பெரும்பிழை. அவ்வெண், அசைவற்ற நிலையில், புதிய கடிகாரத்தின்மேல் செய்த அழுத்தச் சோதனையைக் குறிப்பதேயன்றி, நாம் இறங்கக்கூடிய ஆழத்தைக் குறிப்பதன்று. 30 எனின் கை கழுவும்போது தெறிக்கும் துளிகளைத் தாங்கும். 50 எனின் மழையைத் தாங்கும். 100 எனினே நீந்தலாம். கடல்நீர் பட்டால் உடனே நன்னீரில் அலசவேண்டும். ஈரம் இருக்கும்போது திருகை வெளியே இழுத்தல் கூடாது.

மூன்றாவது, கண்ணாடி. நம் கடற்கரை மணலிற் பெரும்பகுதி குவார்ட்சுத் துகள். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோசு என்பாரின் அளவையில் குவார்ட்சு 7 ஆகும். சாதாரணக் கண்ணாடி அதற்குக் கீழே, 5-க்கும் 6-க்கும் இடைப்பட்டது. செயற்கை நீலக்கல்லாலான கண்ணாடி 9. ஆதலின் மணல் பட்டால் சாதாரணக் கண்ணாடி கீறும், நீலக்கல் கீறாது. ஆனால் நீலக்கல்லின் விலை மிகுதி; நம் பணத்திற்கு அது எட்டாதாயின் வருந்தவேண்டுவதில்லை. விளிம்பைவிடச் சற்றே உள்ளடங்கிய கண்ணாடியைத் தேர்ந்தால் பாதிக் கீறல் குறையும்.

நான்காவது, உள்ளே துடிக்கும் இருதயம். மின்கலத்தால் இயங்கும் கடிகாரத்தில் ஒரு சிறு குவார்ட்சுப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. ஒன்றை இரண்டாற் பதினைந்து முறை பெருக்கிவந்த எண் அது. ஆதலின் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒன்று என்னும் துடிப்பு கிடைக்கின்றது. 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய நிறுவனமாகிய சீக்கோ இவ்வகைக் கைக்கடிகாரத்தை முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது மாதத்திற்குச் சில வினாடிகளே பிழைக்கும். சாவி கொடுக்கும் கடிகாரமோ நாளொன்றுக்கே சில வினாடிகள் பிழைக்கும். அதன் அழகு வேறு. மாணவனுக்கு மின்கலக் கடிகாரமே உகந்தது என்பேன். ஆனால் ஒன்று: மின்கலம் தீர்ந்தபின் அதனை உள்ளேயே விட்டுவைத்தல் தகாது, அது கசிந்து பொறியைக் கெடுத்துவிடும்.

இந்நான்கும் ஒருங்கே தேறியபின் நிறத்திற்கு வருவோம். பச்சையை விரும்புதல் சிறுபிள்ளைத்தனமா? அன்றென்பேன். பகலொளியில் மனிதக் கண் மிகுதியாய் உணரும் ஒளி 555 நானோமீட்டர் அலைநீளமுடையது. அது மஞ்சள் கலந்த பச்சையே. மங்கிய இருளில் அவ்வுணர்ச்சி 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலங்கலந்த பச்சைக்கு, நகர்கின்றது. இரண்டிடத்தும் பச்சை நம் கண்ணுக்கு உறவாகவே உள்ளது. ஆயினும் இதனைக் கொண்டு பச்சை முகப்பு எளிதிற் படிக்கக்கூடியது எனத் துணிதல் தவறு. மணி படிப்பதற்கு வேண்டுவது நிறமன்று, முகப்பிற்கும் முள்ளிற்கும் இடையே உள்ள ஒளி வேற்றுமை. பாசிப்பச்சை, இலைப்பச்சை ஆகிய அடர்ந்த பச்சையின்மேல் வெண்ணிற முள் நன்கு விளங்கும். கிளிப்பச்சையின்மேல் பொன்னிற முள் கலங்கும். பச்சையின்மேல் சிவப்பு வினாடி முள் அழகுடையதெனப் பலர் கருதுவர். சிவப்பையும் பச்சையையும் வேறுபிரித்தறியாத கண்ணுடையார் ஆண்களுள் நூற்றுக்குச் சிலர் உளர். அவர்க்கு அம்முள் இருந்தும் இல்லாததே.

ஆகையால், வாங்குமுன் கடைக்காரரிடம் அநுமதி பெற்று, கடிகாரத்தைத் தெருவிற்குக் கொண்டுவந்து வெயிலிற் பார்க்க. மின்விளக்கின்கீழ்ச் சுடர்விடும் முகப்பு, வெயிலிலே கண்ணாடிபோல் மின்னி முள்ளையே மறைத்துவிடுதல் உண்டு. உப்பளத்தின் வெண்மையில் வெயில் கீழிருந்தும் எழும். அங்கே இக்குறை இருமடங்காகும். பின்னர் உள்ளங்கையால் மூடி, விரலிடுக்கில் இருளிற் பார்க்க. இவ்விரண்டு சோதனையிலும் ஒரே பார்வையில் மணி தெரிந்தால் அந்தப் பச்சை நல்ல பச்சை.

இருளில் ஒளிர்வதைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். இருட்டில் பச்சையாய் ஒளிரும் எதனையும் நம் ஊரார் ‘ரேடியம்’ என்றே வழங்குவர். மிதிவண்டியில் ஒட்டும் தாளும் அவர்க்கு ரேடியமே. இக்காலத்துக் கடிகாரங்களில் இருப்பது ரேடியம் அன்று. ஒளியை உண்டு மெல்ல உமிழும், கதிரியக்கமற்ற பூச்சு. ஆனால் அப்பெயர் வந்த வரலாறு துயருடையது. 1898-ஆம் ஆண்டில் கியூரி தம்பதிகள் கண்டறிந்த ரேடியத்தை, துத்தநாக சல்பைடோடு கலந்து முகப்பிற் பூசினர். 1917-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாட்டுத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கிக்கொண்டு எண்களை எழுதினர். தீங்கற்றது என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. அந்நஞ்சு எலும்பிற் படிந்து, தாடை உருக்குலைந்து பலர் மாண்டனர். பிறர் இருளில் மணி பார்ப்பதற்காக அவர்கள் தம் வாழ்நாளை இழந்தனர். ரேடியம் பாதியாய்க் குறைவதற்கு ஏறக்குறைய 1,600 ஆண்டு செல்லும். ஆதலின் மிகப் பழைய கடிகாரத்தின் ஒளி அவிந்துபோயினும் அதன் கதிர் அவியவில்லை. அத்தகையதைத் திறந்து சுரண்டுதல் ஆகாது. ஒரு பொருள் நம் கைக்கு வருமுன் யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்பதை நினைக்கும் பழக்கம், உப்பு உண்ணும் நமக்கு இன்றியமையாதது.

பழைய கடிகாரம் என்றவுடன் எச்.எம்.டி. நினைவிற்கு வரும். 1961-ஆம் ஆண்டில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவால் பெங்களூரில் அந்நிறுவனம் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. நாள்தோறும் சாவி கொடுக்கும் ‘ஜனதா’ எத்தனையோ ஆசிரியர்களின் மணிக்கட்டில், எத்தனையோ மணமகன்களின் கையில் விளங்கிற்று. குவார்ட்சு வந்தபின் அந்நிறுவனம் நலிவுற்று, அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016-ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. 1984-ஆம் ஆண்டில் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி அமைத்த டைட்டன் நிறுவனம் நமது ஓசூரிலே கடிகாரத் தொழிற்சாலை கண்டு, நாடெங்கும் குவார்ட்சைப் பரப்பியது. இக்காலத்தில் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தின்மேல் இளைஞர்க்கு ஆசை மிகுந்துளது. அதனைக் கண்டு வியாபாரிகள் பலர், பழைய முகப்பைச் சுரண்டிக் கண்கவர் பச்சையும் நீலமும் பூசி விற்கின்றனர். எழுத்துகள் தடித்தும் கோணியும் இருத்தல், எண் குறிகள் முள்ளின் நிலைக்கு ஒவ்வாதிருத்தல், ஐம்பது வயதான உடலின்மேல் நேற்றுப் பூசிய முகம் இருத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பூசிய பச்சையைப் பூசிய பச்சை என்றறிந்து வாங்கினாற் குற்றமில்லை. பழமை என்று நம்பி வாங்கினால் அது நட்டம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனம் தன் நீர்மூழ்குவோர் கடிகாரத்திற்குப் பச்சை முகப்பு அமைத்தது. 2021-ஆம் ஆண்டில் பட்டேக் பிலிப் நிறுவனம் வெளியிட்ட பச்சை முகக் கடிகாரம் ஒன்று, சில மாதங்களுக்குள்ளேயே ஏலத்தில் தன் விலையின் பன்மடங்கிற்குப் போயிற்று. அதுமுதல் பச்சை பலர்க்கும் நாகரிகமாயிற்று. செல்வர் செய்வது அவர் விருப்பம். ஆனால் அவர்களைக் கண்டு பச்சையை விரும்புபவன், அடுத்த ஆண்டு அவர்கள் வேறு நிறத்திற்குப் போகும்போது தன் கையை வெறுப்பான். தன் கண்ணைக் கேட்டுப் பச்சையை விரும்புபவனே பத்தாண்டு அதனை மகிழ்ச்சியோடு பார்ப்பான்.

இதனை அறியவே, கடைக்குச் செல்லும் வழியில் என் மருமகனை நோக்கி, “அப்பா, உனக்குப் பச்சை ஏன் வேண்டும்? யார் கையில் கண்டாய்?” என்று வினவினேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, “யார் கையிலும் காணவில்லை, மாமா. விடுமுறையில் அம்மாவோடு அளத்திற்குப் போவேன். எங்கே பார்த்தாலும் வெள்ளை, கண் கூசும். வேலை முடிந்து திரும்பும்போது கழுவெளியின் கோரைப்புல் தெரியும். அதைப் பார்த்தவுடன் அம்மா, ‘அப்பாடா, கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பாள். அந்தப் பச்சைதான் வேண்டும்,” என்றான்.

2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற அந்தக் கழுவெளியை யான் நூறுமுறை கடந்திருக்கின்றேன். அதன் பச்சையை ஒருமுறையும் அவ்வாறு பார்த்ததில்லை. அதன்பின் அவனுக்கு நிறத்தைப் பற்றி உபதேசிக்க எனக்கு வாய் எழவில்லை. ஏனைய நான்கையும் மாத்திரம் கற்பித்தேன்.

மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். முதற்கடையில் அவன் மனத்திற்கு மிக உகந்த பச்சை கிடைத்தது, பின்மூடியைத் திருப்பினான், ‘பேக்’ என்னும் சொல்லைக் கண்டான், தானே கீழே வைத்துவிட்டான். அவன் முகம் வாடியதைக் கண்டும் யான் வாளாவிருந்தேன். இரண்டாங்கடைக்காரர் வெயிலிற் பார்க்க இசையவில்லை, அதுவே விடையாயிற்று. மூன்றாங்கடையில் உடல் முழுதும் எஃகு, 100 மீட்டர், இரப்பர் வார், வெண்முள், ஒளிப்பூச்சு ஆகிய யாவும் அமைந்து, முகப்பு மாத்திரம் அவன் கருதியதைவிடச் சற்றே கறுத்த பச்சையாய் ஒன்று இருந்தது. தெருவில் நின்று நெடுநேரம் பார்த்தான். “மழை பெய்தபின் கோரை இப்படித்தான் இருக்கும், மாமா,” என்றான். பணம் சரியாக இருந்தது. பேருந்துக்குரிய காசை யான் தந்தேன்.

அன்று மாலை தன் தாயின் கையில் அதனைக் கொடுத்தான். அவள் உப்பால் வெடித்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதனை வாங்கினாள், முகப்பைப் பார்த்தாள், பின்னர் என்னை நோக்கி, பின்மூடியைத் திருப்பிக் காட்டி, “இது தாங்குமா, தம்பி?” என்றாள். “தாங்கும், அக்கா,” என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. முள் பத்து நிமிடம் முந்தியிருக்கிறதே என்று மகனைக் கேட்டாள். வகுப்புக்குப் பிந்தாதபடி அவன் தானே அவ்வாறு முடுக்கி வைத்திருந்தான்.

மாணவ நண்பர்களே, நீவிர் கைக்கடிகாரமே வாங்குக என்றோ, அதனைப் பச்சை முகத்ததாகவே வாங்குக என்றோ யான் கூறவில்லை. கலாசாலை வாழ்க்கையில் நீவிர் தேரவேண்டுவன பல: பாடம், நட்பு, தொழில், கொள்கை. அவற்றிற்கெல்லாம் முகப்பு உண்டு, பின்மூடியும் உண்டு. முகப்பின் நிறம் உம் கண்ணைக் கவர்வது இயற்கை. அவ்விருப்பத்தைப் பிறர் நகைப்பிற்கு அஞ்சிக் கைவிடுதல் வேண்டா. ஆனால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், வெயிலிற் பாருங்கள், இருளிலும் பாருங்கள். உம் பொருட்டு விடியுமுன் எழுந்து உப்பு வாருபவர் யாரேனும் இருப்பர். அவர் வாரிய உப்பே தின்றுவிடாத பொருளைத் தேர்வது அவர்க்கு நாம் செய்யும் சிறிய மரியாதை. அவ்வளவும் செய்தபின் உமக்குப் பிடித்த பச்சையைக் கேளுங்கள். அது கிடைக்கும், கிடைத்தது நிற்கும்.